சராசரியில் மூழ்கிய தீவு

கொள்ளிடக் கரை உடைந்த அன்று மீட்புக் கூடத்தில் யாரும் பதறவில்லை. அவர்களிடம் நாற்கூறு மரம் இருந்தது. கூடத்தின் தலைமைப் பொறியாளர் நாச்சியார் வடிவமைத்த கணினி நிலப்படம் அது. மாநிலமே ஒரு சதுரம். அது நான்காகப் பிரியும், ஒவ்வொன்றும் மறுபடி நான்காக, ஒரு கூரை அளவு வரை. வீடுகள் எங்கே என்று கேட்டால், வெறும் சதுரங்களை மேலேயே ஒதுக்கிவிட்டு வேண்டிய கிளையில் மட்டும் இறங்கும். கண் இமைப்பதற்குள் பதில் வரும், மீட்பு வானூர்திகள் பறக்கும். ஊர் ஊராக மக்கள் கரையேறினார்கள்.

அப்போது ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டிலிருந்து செல்லக்கிளி என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"தலைக்கு மேலயே பறந்து போகுதுங்க. கையாட்டுறோம், நிக்க மாட்டேங்குது."

அங்கே தண்ணீர்தான் இருக்கிறது என்றது மரம். நாச்சியாருக்குச் சட்டென்று புரிந்தது. மேல் சதுரம் தன் நான்கு கூறுகளின் சராசரியைத்தான் வைத்திருந்தது. அத்தனை ஆற்றுக்கு நடுவே இருந்த சில கூரைகள் அந்தக் கணக்கில் கரைந்துபோயிருந்தன.

செல்லக்கிளியிடம் வழி கேட்டுக் கேட்டுப் படகை அனுப்பினாள். திட்டில் இருந்த அனைவரும் பிழைத்தார்கள். படகு திரும்புவதற்குள் விதியை மாற்றினாள்: அடியில் ஒரு கூரை இருந்தாலும் அதன் அடையாளம் உச்சிவரை ஏற வேண்டும். தேடல் மெதுவாகும் என்றார் உதவிப் பொறியாளர் ஜெரால்டு. ஆகட்டும் என்றாள். பழைய மரம் தண்ணீர் என்று சொன்ன இன்னும் பல திட்டுகளைப் புதிய மரம் காட்டிக்கொடுத்தது. நாடே அந்த விதியை ஏற்றது. நாச்சியார் தலைநிமிர்ந்து நடந்தாள்.

மறு ஆண்டு, மரத்துக்குப் பெரிய கணினிக் கூடம் கட்ட அரசு காலி நிலம் தேடியது. முன்பு நீளமான பட்டியல் தந்த மரம் இப்போது ஒன்றும் தரவில்லை. உப்பளக் குடிசை, ஆட்டுக்கிடை, செங்கல் சூளை என்று எங்கும் யாரோ இருந்தார்கள். மரம் பழுதா என்று செயலாளர் கேட்டார்.

"இல்ல சார். முன்னாடி சராசரியச் சொல்லுச்சு. இப்ப ஆளச் சொல்லுது."

அவள் குரலில் பெருமிதம் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜெரால்டுக்கு ஒரு யோசனை வந்தது. இந்த மீட்புக் கூடம் எழுவதற்கு முன் எடுத்த வான்படங்களைப் புதிய மரத்துக்குக் கொடுத்தார். பழைய மரம் தரிசு என்று சொன்னதை நம்பித்தான் இந்த இடத்தில் கூடத்தைக் கட்டியிருந்தார்கள். புதியது எங்கும் நிற்காமல் கடைசிப் படிவரை இறங்கியது. திரையில் கூரைகள். ஒன்றின் அருகே கொடியில் துணி காய்ந்தது.

நாச்சியார் திரையை அணைக்கவில்லை.

"இவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு கேளுங்க, ஜெரால்டு."

மரம் முதன்முறையாக நெடுநேரம் எடுத்துக்கொண்டது.