நாற்பத்தொரு விழுக்காடு

அந்த நாட்டில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. விசாரித்தால் எதிராளி பதில் சொல்லியாக வேண்டும். "நலம்தான்" என்று வாயைத் திறந்த மறுநொடியே பக்கத்திலிருக்கும் மெய்மானி பழுப்பாக எரிந்து மானத்தை வாங்கிவிடும். கதவில், கடையில், பேருந்தில், தொலைபேசியின் நெற்றியில் என்று அது இல்லாத இடம் கிடையாது. குரல் இறுகுவதையும் மூச்சு அரைக்கணம் தயங்குவதையும் அளந்து உண்மைக்குப் பச்சை, பொய்க்குப் பழுப்பு என்று காட்டும் கருவி அது. அது வந்ததும் நீதிமன்றங்களில் பாதியை மூடினார்கள். விருந்துக்கு அழைக்கும் வழக்கமும் கொஞ்ச நாளில் தானாக நின்றுபோனது. சமையல் எப்படி என்று கேட்கவும் பயம், சொல்லவும் பயம்.

இசக்கியம்மாள் அங்கே போய் இரண்டு வருடம் ஆகிறது. கடலடிப் பாசிப் பண்ணையில் அறுவடை எந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. ஐந்து வருட ஒப்பந்தம். அது முடியும்வரை கரையேறலாம், நாடு திரும்ப முடியாது. சன்னல் இல்லாத ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கல்யாணமான மூன்றாம் மாதம் புளியங்குடியில் பட்டறை நடத்திய கணவன் சங்கரபாண்டியை விட்டுவிட்டு வந்தவள், இரண்டு வருடம் முடிந்ததும் கணவனை அழைத்துக்கொள்ளலாம் என்ற விதியைத்தான் மலைபோல நம்பியிருந்தாள். சார்ந்தோர் விசா என்று அதற்குப் பெயர்.

விண்ணப்பத்தோடு, கணவனும் மனைவியும் அதுவரை பேசிய பேச்செல்லாம் மெய்மானியின் கணக்குக்குப் போகும். வெளிநாட்டுப் பேச்சுக்கு அதுவரை விளக்கு எரியாது, பதிவு மட்டும் ஆகும். போலிக் கல்யாணங்களைப் பிடிக்க அரசு கண்டுபிடித்த வழி அது. தொண்ணூறு விழுக்காடு உண்மை இருந்தால் விசா.

"உங்கள் மதிப்பெண் நாற்பத்தொன்று" என்றார் அதிகாரி. கழுத்திலிருந்த மொழிமாற்றி அவர் பேச்சைப் பாடப்புத்தகத் தமிழாக்கிச் சொல்லியது. "பத்தாண்டுகளாக இந்த இருக்கையில் இருக்கிறேன். போலித் தம்பதிகள்கூடத் தொண்ணூற்றைந்து எடுப்பார்கள். அவர்கள் ஆவணங்களைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். நாற்பத்தொன்றை நான் கண்டதில்லை."

"நாங்க நிசமான புருசன் பொஞ்சாதிதான்" என்றாள் இசக்கியம்மாள். மேசைமேல் விளக்கு பச்சையாக எரிந்தது.

அதிகாரி குழம்பினார். "அப்படியானால் ஏன் பொய் சொல்கிறீர்கள்? 'சாப்பிட்டேன்' என்று இருவருமாக நானூற்றுப் பன்னிரண்டு பொய்கள். உணவைப் பற்றிப் பொய் சொல்வதால் என்ன ஆதாயம்?"

அவர் நீட்டிய தாள்களில் பொய்யான வரிகளையெல்லாம் பழுப்பு மையில் அச்சடித்திருந்தார்கள். தன் பொய்கள் அவளுக்குத் தெரிந்தவைதான். இங்க ஒண்ணும் அப்படிக் குளிரல. கூட வேலை செய்யறவங்க எல்லாம் நல்ல மாதிரி. கையில சும்மா சிராய்ப்பு. ஆனால் பாதிக்கு மேல் அவன் பொய்யாக இருந்தது. பட்டறை நல்லா ஓடுது. எனக்கென்ன, ராசா மாதிரி இருக்கேன். புரட்டிக்கொண்டே போனவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். 'அங்க வந்து உன்கூட இருக்கத்தான் நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன்.' அதுவும் பழுப்பு.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு வருடத்தை ஓட்டியிருந்தாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. தொண்ணூறு நாள் அவகாசம் கொடுத்தார். அந்த நாட்களின் பேச்சில் தொண்ணூறு விழுக்காடு எட்டினால் நேர்காணல். நேர்காணலில் இருவரில் ஒருவர் ஒரு பொய் சொன்னாலும் விண்ணப்பம் தள்ளுபடி; இரண்டு வருடம் கழித்துத்தான் மறுபடி போட முடியும்.

மறுநாள் மதிய இடைவேளையில் சங்கரபாண்டியைக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். விண்ணப்பம் போட்டதால் அவள் தொலைபேசியில் ஊர்ப் பேச்சுக்கும் இப்போது விளக்கு எரிந்தது; அவன் பேசியிலும் மெய்மானியைச் சேர்த்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"சாப்ட்டியளா?"

அவன் வாய்வரை வந்ததை விழுங்குவது தெரிந்தது. "இல்ல."

"ஏன்?"

"ஒத்தைக்குச் சமைக்கப் பிடிக்கல. நீ?"

"ரொட்டி. பாதியைத் தூரப்போட்டுட்டேன்."

இரண்டு பச்சை. இப்படித்தான் அந்த உண்மை விரதம் தொடங்கியது. பட்டறையை மூடி ஏழு மாதம் ஆகிறது என்று அவன் சொன்னான். கையில் இருப்பது சிராய்ப்பில்லை, வெந்த தழும்பு என்று அவள் காட்டினாள். அவன் ஊரார் கேலி பேசுவதைச் சொன்னான். அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவதைச் சொன்னாள். பேசி முடித்தால் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். மறைத்துச் சொல்வதற்குப் பழகியிருந்தார்கள்; கேட்பதற்குப் பழகியிருக்கவில்லை. மதிப்பெண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

இருபதாம் நாள் அவள் துணிந்து கேட்டுவிட்டாள். "நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன்னு சொன்னது பொய்யாமே?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உன்கூட இருக்கணும்னு நினைக்கேன், இசக்கி. அங்க இருக்கணும்னு நினைக்கல." பச்சை. "வேலை பாக்கக் கூடாதாம். சார்ந்தோர்னு அட்டை குடுப்பாங்களாம். காலைல நீ போனா ராத்திரி வரைக்கும் அந்தச் சன்னல் இல்லாத ரூம்ல சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கணும். நினைச்சாலே மூச்சு முட்டுது."

பத்து நிமிடம் திருப்புளி இல்லாமல் கைகளைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத மனிதன் அவன். அவளுக்கு அது விளங்கியது. விளங்கியதால் வலி குறையவில்லை.

நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். 'இங்கே வந்து வாழ விரும்புகிறீர்களா?' அவன் இல்லை என்று உண்மை சொன்னால் விசா இல்லை. ஆமாம் என்று பொய் சொன்னாலும் விசா இல்லை. சங்கரபாண்டி அதற்கும் ஒரு வழி பார்த்தான். பொய்யை உண்மையாக்கிவிடுவது என்று கிளம்பினான். வீட்டுச் சன்னல்களை அட்டை வைத்து அடைத்தான். ஐஸ் கட்டி போட்டுக் குளித்தான். தினமும் அவளைக் கூப்பிட்டு ஒரு தரம் மட்டும் சொல்லிப் பார்ப்பான். "அங்க வந்து இருக்க எனக்குப் பிடிக்கும்." பழுப்பு. "சரி, நாளைக்குப் பாப்போம்" என்பான், பரீட்சையில் தவறியவன்போல.

எண்பத்தெட்டாம் நாள் அதே வாக்கியத்துக்கு விளக்கு ஒரு கணம் தயங்கியது. அப்புறம்தான் பழுப்பானது.

"பாத்தியா?" என்றான். கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போயிருந்தது. அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம். தனக்காக இந்த மனிதன் தன்னையே அறுத்து வேறு ஆளாகத் தைத்துக்கொண்டிருக்கிறான் என்று இசக்கியம்மாளுக்குத் தோன்றியது.

நேர்காணலன்று மதிப்பெண் தொண்ணூற்றிரண்டு. அதிகாரியின் சுவர்த்திரையில் சங்கரபாண்டி சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அவன் பின்னால் அட்டை அடைத்த சன்னல்.

"முதலில் மனைவி" என்றார் அதிகாரி. "உங்கள் கணவர் உங்களைச் சார்ந்து இங்கே வாழ வருவதை நீங்கள் விரும்புகிறீர்களா?"

ஆமாம் என்றால் போதும், பச்சை எரியும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பாடும். அவள் திரையிலிருந்த ஒட்டிய கன்னத்தையே பார்த்தாள். அவனும் இங்கே வந்து அடைபட்டால், தனக்கென்று வெளியே யார் இருப்பார்கள் என்று நினைத்தாள்.

"வேண்டாம்" என்றாள். "எனக்குத் தனியா இருந்து பழகிப்போச்சு. அவரு அங்கேயே இருக்கட்டும்."

மேசை விளக்கு பழுப்பாக எரிந்தது. எரிந்த எரிப்பில் அதிகாரியின் வெள்ளைச் சட்டையே நிறம் மாறித் தெரிந்தது. புளியங்குடியிலும் அதே நேரம் எரிந்திருக்கும்; சங்கரபாண்டி தன் பேசியின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். ஆனாலும் விதிப்படி இரண்டாவது கேள்வியையும் கேட்டாக வேண்டும். "கணவர். நீங்கள் இங்கே வந்து வாழ விரும்புகிறீர்களா?"

"இப்பமே வாரேன்" என்றான் அவன். "எந்த ரூமா இருந்தாலும் சரி. சன்னல் இல்லாட்டியும் சரி."

பச்சை. தயக்கமே இல்லாத, இளங்குருத்துப் பச்சை.

பிறகு அதிகாரி சொன்னார். "உங்கள் கணவர் உண்மை சொன்னார். நீங்கள் பொய் சொன்னீர்கள். தள்ளுபடி செய்கிறேன்." மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தவர், மேசை விளக்கை ஓரக்கண்ணால் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, "அடுத்தவர்" என்றார்.

அவள் பண்ணைக்குத் திரும்பி, அறைக்கதவைச் சாத்தி, கட்டிலில் உட்கார்ந்தபோது பேசி அடித்தது.

"இசக்கி."

"நாந்தான் கெடுத்துட்டேன்" என்றாள். பச்சை. அந்த நிறத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரெண்டு வருசம்தானே, கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள ஓடிரும். எனக்கு வருத்தமே இல்ல" என்றான். பழுப்பு, பழுப்பு, பழுப்பு.

அவள் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து பேசியின் நெற்றியில், விளக்கின்மேல் ஒட்டினாள். அளவு சரியாக இருந்தது. அடியில் கருவி பாட்டுக்கு அளந்துகொண்டுதான் இருக்கும், இரண்டு வருடம் கழித்து இந்தப் பேச்சும் தாளில் அச்சாகி அதே மேசைக்கு வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

"சாப்ட்டியளா?" என்று கேட்டாள்.

"சாப்ட்டேன். நீ?"

"இப்பத்தான்" என்றாள். "வயிறு முட்ட."