கட்டை விரல் குழி

அன்று சாயங்காலம் பெரியப்பாவுக்கு நான்தான் தலை வாரிவிட்டேன்.

"வகிடு நேரா எடு, ஹாரன். டாக்டரம்மா பார்ப்பாங்க."

பெரியப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். நான் சத்தமாகப் பேசுவேன் என்பதால் எனக்கு அந்தப் பெயர். அப்போது எனக்குப் பத்து வயது.

"என்னண்ணே, பொண்ணு பார்க்கவா போறே?" என்று அப்பா சிரித்தார்.

எங்கள் ஊரில் மருத்துவமனை இல்லை. செவ்வாய்க்கிழமைகளில், பெரியப்பாவின் ஜன்னலோரக் கட்டிலில் வைத்த டேப்லெட் திரையில் டாக்டரம்மா வருவார். மாதம் ஒருமுறை நர்சக்கா ஸ்கூட்டரில் நேரில் வருவார்.

"எப்படி இருக்கீங்க, ஐயா? மூச்சு வாங்குதா?" என்றார் டாக்டரம்மா.

"குதிரை மாதிரி இருக்கேம்மா."

பொய். ஒரு வாரமாக அவர் உட்கார்ந்தபடிதான் தூங்கினார். வேட்டிக்குள் இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. செருப்புகூட நுழையவில்லை. திரையில் முகம் மட்டும்தானே தெரியும்!

யாரிடமும் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். தெரிந்தால் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அவருடைய பழைய லாரி கிளீனர் அங்கே போய், பக்கத்தில் ஆளில்லாமல் இறந்துபோனார். அந்தப் பயம்.

"சரி, அடுத்த வாரம் பார்ப்போம்," என்றார் டாக்டரம்மா.

நான் வாயைத் திறக்கவில்லை. டேப்லெட்டைத் தூக்கினேன். வேட்டியைக் கொஞ்சம் விலக்கி, கால்களுக்கு நேராகப் பிடித்தேன்.

டாக்டரம்மா திரைக்கு அருகே குனிந்தார்.

"பாப்பா, கணுக்கால் மேல கட்டை விரலால அழுத்து. இப்போ எடு. குழி விழுந்திருக்கா?"

விழுந்திருந்தது. என் விரல் அளவுக்கு. நிரம்பவே இல்லை.

"காட்டிக் கொடுத்துட்டியே," என்று பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "டாக்டர், இங்கேயே வச்சுப் பார்க்க முடியாதா? தனியாப் போக அவருக்குப் பயம்."

டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. "இதயம் ரொம்பக் களைச்சுப்போச்சு. முழுசாக் குணமாக்க முடியாது. ஆனா நர்ஸ் தினமும் நேர்ல வந்து, நானும் தினமும் திரையில வந்தா, வீட்டிலேயே பார்த்துக்கலாம். ஐயா, நீங்க பொய் மட்டும் சொல்லக் கூடாது."

அன்று இருட்டுவதற்குள் நர்சக்கா வந்து ஊசி போட்டார். இரண்டு நாள் பெரியப்பா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கால் வீக்கம் வடிந்தது, படுத்துத் தூங்கினார். அதன்பின் வீக்கம் திரும்பியபோது அவரே திரையைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னிக்குக் கழுதை மாதிரி இருக்கேம்மா. ஹாரனை வச்சுக்கிட்டு எங்கே பொய் சொல்றது?"

பத்தொன்பது நாள் அப்படிப் போனது. இருபதாம் நாள் காலையில் நர்சக்கா பெரியப்பாவின் நாடியைப் பிடித்திருந்தார். அவர் தலை அப்பாவின் மடியில் இருந்தது. நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். திரையில் டாக்டரம்மா. பெரியப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

டாக்டரம்மா அழைப்பைத் துண்டிக்காமல் ரொம்ப நேரம் எங்களோடு இருந்தார்.

பெரியப்பாவின் கட்டில் கிடந்த அந்த ஜன்னலோரத்தில்தான் எங்கள் வீட்டில் இன்றும் சிக்னல் கிடைக்கிறது.