பலகைக்கு இந்தப் பக்கம்

“சாமி, நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே, அதுக்குள்ள மன்னிச்சிட்டீங்களா?”

புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கவிருந்த சிறுமி சகாயசெல்வி கோயில் முற்றத்தில், எல்லோருக்கும் நடுவில் நின்று இப்படிக் கேட்டாள். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முதன்முதலாக மண்டியிட்டவள், பயத்தில் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்த பெரியநாயகம் சுவாமியார், “மூணு அருள்நிறைந்த மந்திரம் சொல்லும்மா” என்று அபராதம் கொடுத்து, பாவமன்னிப்பும் சொல்லி, சன்னல் பலகையை இழுத்து மூடிவிட்டார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுவாமியாரும் சிரித்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பகல் வெளிச்சத்தில் அவள் உதடு அசைவது தெரிந்ததால்தான் அந்தக் கேள்வியே அவருக்குப் புரிந்தது. அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

ஒலக்கூருக்குக் கிழக்கே, மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்த அந்தச் சிறு கோயிலுக்கு அவர் வந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. நல்ல மனிதர். மழையில் யாராவது நனைந்துகொண்டு வந்தால் தம் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போவார். அவருடைய காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் சிட்டுக்குருவிகள் போயின. பிறகு பூசை மணியின் கிணுகிணுப்பு போயிற்று. அப்புறம் பெண்கள் பேச்சிலும் குழந்தைகள் பேச்சிலும் ஓரங்கள் உதிர்ந்து போயின. வெளியே மனிதர்களின் முகத்தைப் பார்த்துச் சமாளித்தார். தொட்டிக்குள் முகம் ஏது? நடுவில் அவர் உட்காரும் இருட்டறை. இரண்டு பக்கமும் சல்லடைக் கண் வைத்த சின்னச் சன்னல். அதற்கப்பால் மண்டியிட்டவரின் முணுமுணுப்பு. முணுமுணுப்பு நின்றால் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார். எல்லோருக்கும் அதே மூன்று மந்திரம். யாரும் குறை சொன்னதில்லை.

ஆனால் பாக்கியமேரி என்று ஒருத்தி இருந்தாள்.

போன வருஷத்து மழைக்காலத்தில், கல்யாணமாகி வந்த புதிதில், வாரம் தவறாமல் சங்கீர்த்தனத்துக்கு வந்தவள். கடைசியாக வந்த அன்று முணுமுணுப்பு நின்றது. அவர் மன்னிப்புச் சொன்னார். மறுபடி முணுமுணுப்பு தொடங்கியதுபோல் இருந்தது. நன்றி சொல்கிறாள் என்று நினைத்துப் பலகையை மூடிவிட்டார். மறுநாள் காலை அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். தண்ணீர் சேந்தும்போது கால் வழுக்கிவிட்டது என்றான் புருஷன்.

அடக்கம் முடிந்ததும் கண்டமங்கலத்திலிருந்து வந்திருந்த அவள் தாய் அஞ்சம்மாள் சுவாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னா கஷ்டம்னு எங்கிட்ட வாயைத் தொறக்கல சாமி. ஆனா உங்ககிட்ட சொல்லிக்கினு இருந்திருக்கா. அது போதும் எனக்கு.”

சங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது என்பது சாமியார்களுக்குச் சட்டம். அவர் தலையை மட்டும் குனிந்துகொண்டார். கேட்டதை மறைப்பதற்கு ஏற்பட்ட அந்தச் சட்டத்துக்குப் பின்னால், கேட்காததை அவர் ஒளித்துவைத்தார். அந்தத் தாய் அவர் கையை முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

சிறுமி கேட்டதற்கு மறுவாரம் விழுப்புரம் போனார். காது டாக்டர் கோதண்டபாணி அவர் பின்னால் போய் நின்று பேசினார், வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு பேசினார், கடைசியில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“சாமி, உங்களுக்குச் சத்தம் கேக்குது. பேச்சுதான் கேக்கல. கனமான ஓசை உள்ள வருது, மெல்லிசான எழுத்தெல்லாம் வெளியவே நின்னுடுது. இத்தினி நாளும் பாதியைக் கண்ணாலதான் கேட்டுக்கினு இருந்தீங்க.”

“இருட்டில, குசுகுசுன்னு பேசினா?”

“அது உங்களுக்கு வெறும் காத்து.”

சுவாமியார் எழுந்துகொள்ளப் போனார்.

“காது மந்தமாவறது தப்பு இல்லிங்க சாமி,” என்றார் டாக்டர் மெதுவாக. “கண்ணு மங்குனா கண்ணாடி போட்டுக்கறோம். காதுக்கு மட்டும் எல்லாரும் வெக்கப்பட்டுக்கினு ஒளிச்சு வெக்கறாங்க.”

அவர் காதில் மாவு போன்ற ஒன்றை வைத்து அச்செடுத்து, அதற்கேற்றபடி ஒரு கருவி வரவழைத்துக் கொடுத்தார். முந்திரிக்கொட்டை அளவுதான். வலக் காதுக்குப் பின்னால் கொக்கிபோல் மாட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்திலிருந்த சிறு சக்கரத்தைத் திருப்பினால் சத்தம் ஏறும், இறங்கும். இடக் காது கருவிக்கும் பயன்படாத நிலையில் இருந்தது.

“மொதல் மாசம் எல்லாமே எரைச்சலா இருக்கும். மூளை மறந்து போன சத்தத்தைத் திரும்பக் கத்துக்கணும். கழட்டி மட்டும் வெச்சிடாதீங்க. அப்புறம் இன்னொண்ணு.” டாக்டர் தம் உள்ளங்கையை அவர் காதருகே கொண்டுபோனார். கருவி ‘வீல்’ என்று கத்தியது. கையை எடுத்தார், நின்றது. “காதுகிட்ட ஏதாச்சும் நெருங்கி வந்தா, கையோ, செவுரோ, இன்னொருத்தர் மூஞ்சியோ, இப்படிக் கத்தும். பயப்படாதீங்க. தள்ளிப் போனா நின்னுடும்.”

கருவி ஊருக்கு வந்ததும் சங்கீர்த்தன வரிசை குட்டையாகிவிட்டது. காரணம் புரியாமல், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ராஜாமணியைக் கேட்டார்.

“இன்னா சாமி, மிஷினை மாட்டிக்கினு வந்து ஊரையே பேஜாருல வுட்டுட்டீங்களே! திண்டிவனத்துலேர்ந்துகூட இங்க நடந்து வந்தானுங்க. எதுக்குன்னு நெனைச்சீங்க? இந்தச் சாமிக்குக் காது மந்தம், என்னா சொன்னாலும் மூணே மந்திரம்னு ஊருக்கெல்லாம் தெரியும்.”

“நீ ஏம்பா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேன் சாமி. உங்களுக்குக் கேக்கல.”

சுவாமியாருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. “பாக்கியமேரிக்குத் தெரியுமா?”

ராஜாமணி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினான். “வெளியூர்ப் பொண்ணு சாமி. அதுங்கிட்ட யாரு சொல்லுவா?”

அந்த ஊரிலேயே அவருக்குக் காது கேட்கிறது என்று நம்பிப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

ஐப்பசி மாதத்து வியாழன். மறுநாள் முதல் வெள்ளிப் பூசை என்பதால் மாலையில் சங்கீர்த்தனம். வந்த இரண்டு கிழவிகளும் மழைக்குப் பயந்து ஜல்தியாகப் போய்விட்டார்கள். மின்சாரமும் போய்விட்டது. பீடத்தில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் எரியும் சிவப்பு விளக்கு மட்டும் இருந்தது. யாராவது வரக்கூடும் என்று சுவாமியார் இரண்டு பலகைகளையும் மூடிக்கொண்டு தொட்டிக்குள் காத்திருந்தார். ஓட்டின் மேல் மழை ஆயிரம் பேர் மல்லாட்டையைக் கொட்டுவதுபோல் இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கோ வௌவால் சிறகடித்ததும், தொட்டியின் பழைய மரம் ஈரத்தில் முனகியதும், தம் தொண்டையில் எச்சில் இறங்கியதும்கூட அவருக்குத் தனித்தனியாகக் கேட்டன. உலகத்தில் இத்தனை சத்தம் இருக்கிறதா என்று குழந்தைபோல் வியந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக்கொண்டே வந்தவர், ஒரு சத்தத்திடம் வந்ததும் பெயர் தெரியாமல் நின்றார்.

சொட்டு. சொட்டு.

தொட்டிக்கு மேலே ஓடு ஒழுகுவதில்லை. ஈரப் புடவையிலிருந்து பலகையில் தண்ணீர் சொட்டினால் இப்படித்தான் கேட்கும். வலப் பக்கத்தில், பெண்கள் மண்டியிடும் இடத்தில். பாசி படிந்த கிணற்றுக்குள் குனிந்து பார்க்கும்போது முகத்தில் அடிக்குமே, அந்த வாடையும் வந்தது.

“யாரும்மா?” என்றார்.

கருவி வீலென்று கத்தியது.

சன்னலுக்கு மிக அருகில் சாய்ந்துவிட்டோம் என்று நினைத்து இடப்பக்கம் நகர்ந்தார். கத்தல் நிற்கவில்லை. கருவியைக் காதில் அழுத்திப் பொருத்தினார். நிற்கவில்லை. இடச் சுவரோடு தோளை ஒட்டி உட்கார்ந்தார். இப்போது வலக் காதுக்கும் சன்னலுக்கும் நடுவே ஒரு முழத்துக்கு மேல் வெறும் இருட்டு. கத்தல் நிற்கவில்லை.

தாங்க முடியாமல் சக்கரத்தைத் திருப்பிக் கருவியை அணைத்தார்.

பஞ்சுபோல் மௌனம் வந்து மூடியது. அப்பாடா என்றிருந்தது. சேசுவே, சேசுவே என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு, சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு சக்கரத்தைத் திருப்பினார். கோயில் வாசலில் ராஜாமணியின் குரல் பாதியில் கேட்டது: “...எத்தினி வாட்டி கூப்பிடறது? சாமி அந்தாண்ட கதவு வழியா அவரு பங்களாவுக்குப் போய்ட்டாரு போல.” பெரிய கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள். சாவி.

“ராஜாமணி! டேய், நான் உள்ள இருக்கேன்!”

மழை அந்தக் குரலை விழுங்கிவிட்டது.

எழுந்து தொட்டியின் அரைக்கதவைத் தள்ளினார். ஈரத்தில் ஊறி இறுகியிருக்கிறது என்று நினைத்தார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு கொஞ்சம் இடம் கொடுத்தது. பிறகு, மெதுவாக, அவர் தோளைத் திருப்பித் தள்ளிவிட்டுச் சாத்திக்கொண்டது.

கருவி மறுபடி கத்தத் தொடங்கியது.

கையோ, சுவரோ, இன்னொருவர் முகமோ. கை அவருடையது இல்லை. சுவர் இல்லை. பலகையும் மூடியிருந்தது. அப்படியானால் அது பலகைக்கு அந்தப் பக்கம் இல்லை.

இந்தப் பக்கம்.

தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் மூக்கு எதிலாவது இடிக்கும் என்று தோன்றியது. காது மடலில் குளிர். ஒரு சொட்டு கழுத்தில் விழுந்து அங்கிக்குள் இறங்கியது. கத்தலுக்கு அடியில் ஒரு மூச்சு, அதற்கும் அடியில் குசுகுசுப்பு. ஒரே வேகம். நிறுத்தாமல். நிறுத்தினால் மூடிவிடுவார்கள் என்று பயந்தவள் பேசுவதுபோல.

கருவியைப் பிடுங்கி எறிந்துவிடலாம். கை காதுவரை போயிற்று. பிடுங்கிவிட்டால் ஒன்றும் கேட்காது. மூன்று மந்திரம் சொல்லலாம். இத்தனை வருஷமும் செய்ததுதானே.

கை அங்கேயே நின்றது.

எதற்காக அவள் இவ்வளவு அருகில் வர வேண்டும்? கடைசி வார்த்தையில் இருந்தவள் முகத்தில் பலகையை மூடியது யார்?

கையை இருட்டில் நீட்டினார். ஈரமான ஏதோ ஒன்று விரல்மேல் உரசியது. நீட்டிக்கொண்டே போனார். பலகையின் பிடி தட்டுப்பட்டது. இழுத்துத் திறந்தார்.

கத்தல் சட்டென்று நின்றது.

குளிர் காதை விட்டு விலகிற்று. சன்னலுக்கு அப்பால், மண்டியிடும் பலகையில் முழங்கால்கள் பதியும் சத்தம் கேட்டது.

“சொல்லும்மா,” என்றார். “மொதல்லேருந்து சொல்லு. இந்தத் தடவை மூட மாட்டேன்.”

அவள் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்பது அவர்கள் இருவருக்கும் ஆண்டவருக்கும் உரியது. ஒவ்வொரு சொல்லும், அதன் மெல்லிய ஓரங்களோடு, அவர் காதில் விழுந்தது என்பதை மட்டும் சொல்லலாம். நடுவில் அவள் குரல் நின்றபோது அவர் மன்னிப்புச் சொல்லவில்லை, காத்திருந்தார். அவள் மறுபடி தொடங்கினாள். மறுபடி நின்றது. மறுபடியும் காத்திருந்தார். அவர் முகம் கண்ணீரால் நனைந்தது. கடைசியில், இனி ஒன்றும் இல்லை சாமி என்று அவளே சொன்ன பிறகு, கையைத் தூக்கிச் சிலுவை வரைந்து மன்னிப்புச் சொன்னார்.

“உனக்கு அபராதம் இல்லம்மா. அது எனக்கு.”

முழங்கால்கள் எழுந்தன. சொட்டுச் சத்தம் தூரம் போய், இல்லாமல் போயிற்று. பூட்டிய கோயிலுக்குள் அவர் பட்ட கடன் தீர்ந்ததைப் பார்க்க யாரும் இல்லை.

மழை விட்டிருந்தது. அரைக்கதவு தானாக ஒரு சாண் திறந்துகொண்டது. நன்றி ஆண்டவரே என்று எழுந்த சுவாமியார், திறந்த இடைவெளி வழியாகக் கீழே பார்த்தார்.

சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் பாதங்கள்.

ஒன்றன்பின் ஒன்றாக. தொட்டியிலிருந்து பூட்டிய கதவுவரை. மண் ஒட்டிய பாதங்கள். கரும்பு ஆலையில் கட்டைவிரல் போன பாதம் ஒன்று. அந்த விரலில்லாத காலோடுதான் அமிர்தசாமியை அவர் அடக்கம் செய்திருந்தார். காய்ச்சலில் போனவர்கள். பிரசவத்தில் போனவர்கள். அவருக்குக் காது கேட்காத வருஷங்களில் எல்லாம் அந்தச் சன்னலில் மண்டியிட்டுவிட்டுப் போனவர்கள். வரிசையின் நடுவில் இரண்டு பாதங்கள் மட்டும், விரல்கள் கீழ்நோக்கி, தரையைத் தொடாமல்.

ஒரு சத்தமும் இல்லை. காத்திருந்தார்கள்.

சுவாமியார் அரைக்கதவைத் தம் கையாலேயே உள்பக்கம் இழுத்துச் சாத்தினார். உட்கார்ந்தார். சக்கரத்தைக் கடைசிவரை ஏற்றினார்.

“சொல்லுங்க,” என்றார்.

வெளியே, ஈரத் தரையில் தோல் உரசும் சத்தத்தோடு, வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.