கட் சொன்ன பிறகு

இயக்குநர் குவோன் கட் சொல்லி, தேஜஸ்வினி துள்ளிக்கொண்டு சமையலறைக்கு வந்து ஜூஸுக்குக் கைநீட்டிய பிறகும், அங்கே வைத்திருந்த மானிட்டரில் அவள் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

விமலா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பக்கத்திலும் மகள், திரையிலும் மகள். முன்னால் எடுத்ததைத்தான் மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்களாக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். படப்பிடிப்புக்காக மெல்பர்ன் புறநகரான ரோவிலில் வாடகைக்கு எடுத்த அந்த வீட்டில் மதியத்திலிருந்தே ஹீட்டர் ஓடியது. ஆனாலும் ஈரக் கம்பளத்தின் வாடையும், எங்கோ சொட்டும் குழாயும், ஜன்னல் கண்ணாடியில் உரசும் யூகலிப்டஸ் கிளையின் கீச்சொலியுமாகச் சேர்ந்து முதுகில் குளிர் ஏறியது.

எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டாள்! குவோன் என்றால் சும்மாவா? முதல் நான்கு பேய்ப்படங்களால் கொரியாவையே போர்வைக்குள் பதுங்க வைத்தவர். நான்கிலும் ஒரு குழந்தைதான் கதை. அப்புறம் பெரிய நட்சத்திரங்களை வைத்து எடுத்த மூன்றும் மண்ணைக் கவ்வின. சீந்துவாரில்லாமல் கிடந்தவர், கடைசி வாய்ப்பாக மெல்பர்னுக்கு வந்து மறுபடியும் ஒரு குழந்தையைத் தேடினார். ஏழு வயதுத் தேஜு கிடைத்தாள்.

"சித்தார்த், இது பழைய ஷாட்டாப்பா?"

உதவி இயக்குநர் சித்தார்த் குனிந்து ஒயரைப் பார்த்தான். "இல்லக்கா, லைவ்." அவன் குரல் இறங்கியது. "அன்னைக்குப் பூஜையில நீங்க கும்பிட்டீங்கல்ல?"

கும்பிடவில்லை. முதல் நாள், கொரிய வழக்கப்படி மேசையில் பன்றித் தலை வைத்துப் படையல் போட்டிருந்தார்கள். சுத்த சைவமான விமலாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. 'நீயே போய்க் கும்பிட்டுட்டு வாடா கண்ணு' என்று மகளை அனுப்பிவிட்டு வாசலில் நின்றுகொண்டாள்.

"ஐயோ அக்கா! பெத்தவங்கதான் கும்பிட்டு, இது எங்க பிள்ளைன்னு சொல்லித் திரும்பக் கூட்டிட்டுப் போகணுமாம். அது சார் படத்துல மட்டும் உள்ள வழக்கம். இன்னைக்குக் காலைலதான் கேமராமேன் சொன்னாரு."

"சொல்லலன்னா?"

"அந்த நாலு படத்துலயும் நடிச்சது அநாதைப் பிள்ளைங்க. சொல்ல யாரும் இல்ல. படம் முடிஞ்சப்புறம் அதுங்க வாயே திறக்கலையாம்."

விமலா பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். ஜூஸ் அப்படியே இருந்தது. கையைத் தொட்டாள். பிள்ளையின் கையில் துளிச் சூடில்லை.

"தேஜு? கண்ணு, பேசு."

அது சிரித்தது. பேசவில்லை.

திரையில் இருந்தவளின் உதடு துடித்தது. விமலா ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"அம்மா... கதவு திறக்க மாட்டேங்குதும்மா..."

ஓடினாள். அறைக்கதவு திறந்தே கிடந்தது. விளக்கு, கேமரா, கட்டில். கட்டிலில் யாருமில்லை. மெத்தையைத் தடவினாள். வெதுவெதுப்பாக இருந்தது. தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"என் பொண்ணும்மா அவ! தெரியாம பண்ணிட்டேன்! என்னை எடுத்துக்கோ, அவள விட்டுடு!"

எழுந்தாள். மானிட்டருக்கே திரும்பி ஓடினாள். குவோனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஸ்டாப் இட்! ப்ளீஸ்! என் குழந்தை!"

அவர் திரும்பவே இல்லை. கண்ணீர் தாடையில் வழிந்து சொட்ட, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பியூட்டிஃபுல்," என்றார்.

திரையில் கதவு திறந்தது.

ஒரு பெண் உள்ளே வந்தாள். விமலாவின் பச்சை ஸ்வெட்டர். விமலாவின் பின்னல். விமலாவின் முகம்.

"வேண்டாம் தேஜு. அது நான் இல்ல. தேஜு!"

தேஜு கட்டிலிலிருந்து குதித்தாள். ஓடிப்போய் அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தேம்பல் நின்றது.

"எவ்வளவு நேரம்மா! வீட்டுக்குப் போலாம்."

"போலாம் கண்ணு," என்றது, விமலாவின் குரலில். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்தபடியே, பின்னால் கைநீட்டிக் கதவைச் சாத்தியது.