ஆறாவது குவளை

எதுவும் கலக்காத ஆறாவது குவளைதான் முதலில் தெளிந்தது.

மற்ற ஐந்திலும் அமிலம், இரும்பு உப்பு, பெராக்சைடு என்று அளவை மாற்றி மாற்றி அவள் சேர்த்திருந்தாள். ஆறாவதில் இருந்தது குப்பைமேட்டிலிருந்து கசிந்து வந்த நீர் மட்டும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. இந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் அவள் வேலை பார்த்த எட்டு வருடங்களில் அந்தக் கறுப்பு ஒரு நாளும் வெளுத்ததில்லை. சோதனை அறையின் ஜன்னல் வழியே உச்சிவெயில் அந்தக் குவளைக்குள் இறங்கி, மேசையில் வெள்ளையாக ஒரு வட்டம் போட்டது.

மேசையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"அக்கா, தொட்டிக்குள்ள இறங்கிட்டேன். முழங்கால் அளவு சேறு. இந்த நாத்தத்தோட போனா எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"உனக்குன்னு ஒருத்தி மூக்கடைப்போட பிறந்திருப்பா. பேசாம வேலையப் பாரு."

தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் பார்க்கும் வேலை அவள் கணவர் பார்த்த வேலை. அவர் இறந்து எட்டு மாதம் கழித்து, குடும்பத்தில் ஒருவருக்கு என்று நிர்வாகம் கொடுத்தது.

கசிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தவர் மேலே ஏறி வந்து, ஏணியில் ஸ்பேனரால் இரண்டு முறை தட்ட வேண்டும். அதன் பிறகுதான் அவள் சோதனை அறையிலிருக்கும் அமில வால்வைத் திறக்கலாம். அமிலம் பட்டால் அந்தக் கறுப்புச் சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடையோடு வாயு கிளம்பும். இரண்டு மூச்சு போதும், ஆள் சரிந்துவிடுவார்.

குவளைகள் எவ்வளவு தெளிந்தன என்று பார்க்க, பின்னால் பழைய பதிவேட்டுத் தாள்களைக் கீற்றாக வெட்டி ஒட்டியிருந்தாள். ஆறாவதன் பின்னால் இருந்ததை யாரும் படித்ததில்லை. இப்போது எழுத்து தெரிந்தது. அவள் கையெழுத்து.

'இரண்டு தட்டு கேட்டது. வால்வு திறக்கப்பட்டது.'

அவர் சாவு பற்றிய விசாரணையிலும் அதையேதான் சொன்னாள். கேட்டது ஒன்றுதான். அன்று காலையில் சண்டை. அவர் முகத்தைப் பார்க்காமல் வேலைக்கு வந்திருந்தாள். ஏணியில் என்ன இடித்ததோ, ஒரு சத்தம் வந்தது. இன்னொன்று தன் காதில் விழாமல் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையை நீட்டினாள். கோபமா, அவசரமா? இத்தனை மாதமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

டங். டங்.

நிதானமாக, தெளிவாக, இரண்டு.

வாக்கிடாக்கியோடு வால்வருகே போனவள் நின்றாள். அதற்குள்ளா?

"மேல வந்துட்டியாடா?"

"இல்லக்கா, பாதி வேலைகூட முடியல. நீதானே தட்டினே?"

"எல்லாத்தையும் போட்டுட்டு மேல வா. இப்பவே."

"எப்படி வர்றது? ஏணியில யாரோ இறங்கிட்டிருக்காங்க." சேறு சளக்கென்றது. பிறகு குரல் தணிந்தது. "அக்கா... இடது பூட்ஸ் கிழிசல்ல சைக்கிள் ட்யூப் ஒட்டியிருக்கு."

ஒட்டியவள் அவள்தான். அந்த பூட்ஸ் அவர் காலோடு போனது.

"மாமா மாதிரியே..."

கரகரப்பு. அப்புறம் வெறும் இரைச்சல்.

ஓடத் திரும்பினாள். அப்போது வால்வின் சக்கரம் கிறீச்சிட்டது. தானாக. ஒரு விரற்கடை.

பாய்ந்து இரு கைகளாலும் பிடித்தாள். முழு எடையையும் போட்டு அழுத்தினாள். சக்கரம் நின்றது. மூச்சு வாங்கியது. குழாய்க்குள் சத்தமில்லை. பிடித்துவிட்டாள். பிடித்துவிட்டாள்.

முதுகுக்குப் பின்னால், அறைக்குள்ளேயே, ஈரக் காலடி. கதவு திறந்த சத்தம் வரவில்லை.

மேசையின் இரும்புக் காலில், டங்.

கண்களை இறுக மூடிக்கொண்டாள். வேண்டாம். இன்னொன்று வேண்டாம்.

டங்.

சேறு வழியும் ரப்பர் கையுறை ஒன்று அவள் விரல்களின் மேல் படிந்தது. வலிக்காமல். பழகிய பிடி. அவள் விரல்களையும் சேர்த்து அணைத்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பத் தொடங்கியது.

குழாய்க்குள் அமிலம் ஓடும் சத்தம் கேட்டது.