சங்குமேட்டுத் தீவின் புட்டிகள்

"கொடி மட்டும் நட்டுட்டு வாங்க. மண்ணுல கை வைக்கக் கூடாது."

தொல்லியல் அலுவலர் கோமளவல்லி இதை மூன்று முறை சொல்லித்தான் அனுப்பினார். பின்னால் அகழப்போகும் இடங்களைக் கொடி நட்டுக் குறிக்கும் அந்த வேலைக்குத் தலைமை பெனடிக்டா. உடன் வந்தவர்கள் கல்லூரித் தோழி சுலைகாவும், வள்ளம் ஓட்டிய தம்பி ஜெரோனும்.

சங்குமேட்டுத் தீவில் இப்போது ஆள் கிடையாது. நூறு ஆண்டுகளுக்கு முன், இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை நோய்க்குப் பயந்து நிறுத்தி வைத்த முகாம் அங்கே இருந்தது. முகாம் மருத்துவர் ஒரு பெட்டி நிறைய வெள்ளியைப் புதைத்துவிட்டுப் போனார் என்று கரையில் ஒரு பேச்சும் உண்டு.

நான்காவது கொடியை ஊன்றும்போது கம்பு எதிலோ இடித்தது. இரும்புச் சத்தம். பெனடிக்டா வள்ளத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள்.

"வேண்டாம் பெனி. சொல்லித்தானே அனுப்பினாங்க" என்றாள் சுலைகா.

"ரெண்டே நிமிஷம்."

முதலில் புட்டிகள்தான் வந்தன. பச்சையும் பழுப்புமாக, இரண்டும் மூன்றுமாய்ச் சேர்ந்து கிடந்தன. வழியை மறித்தவற்றை அள்ளிப் பின்னால் வீசினாள். சில உடைந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தொடையளவு ஆழத்தில் பெட்டி கிடைத்தது. மூடியை நெம்பித் திறந்தாள். உள்ளே துருப்பிடித்த ஒரு கத்தரிக்கோலும் ஈர மண்ணும்தான் இருந்தன.

சுலைகா உடைந்த புட்டி ஒன்றை வெயிலில் பிடித்திருந்தாள். "இதுல ஆணியால கீறி எழுதியிருக்கு. சடையன்." இன்னொன்றை எடுத்தாள். "இதுலயும் ஒரு பேரு. மருந்து மாறிடக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. குடும்பம் குடும்பமா வச்சிருந்திருக்காங்க பெனி. இப்போ யாரு யாரோடன்னு எப்படிச் சொல்றது?"

பெனடிக்டாவுக்கு முகம் எரிந்தது. எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கியது அவள் கைதான்.

"அக்கா, காத்து திரும்பிட்டு. தண்ணி ஏறுது, கெளம்புவோம்" என்றான் ஜெரோன். பிறகு தணிந்த குரலில், "அலை அடிச்சுக் கலைச்சிட்டுன்னு சொல்லிருவோம். யாருக்குத் தெரியும்?" என்றான்.

ஒரு கணம் அவள் மனமும் அந்தப் பக்கம் போனது. அதுதான் அவளை இன்னும் கூச வைத்தது.

குழிச் சுவரில் மூன்று புட்டிகள் அசையாமல் இருந்தன. தண்ணீர் குழிக்குள் இறங்கத் தொடங்கியது. பெனடிக்டா முழங்காலளவு நீரில் நின்று அவற்றின் இடத்தை அளந்தாள். சுலைகா படம் வரைந்து எண் போட்டாள். அதன் பிறகே மூன்றையும் எடுத்தார்கள். குவியலில் இருந்த சில்லுகளையும் ஒன்று விடாமல் சாக்கில் அள்ளினார்கள். ஜெரோன் வள்ளத்தை மார்பளவு நீரில் பிடித்துக்கொண்டு நின்றான். கரை வரும்வரை அலை மூவரையும் புரட்டி எடுத்தது.

கரையில் கோமளவல்லியோடு பத்துப் பேர் காத்திருந்தார்கள். பத்திரமாக வந்துவிட்டார்கள் என்று சிலர் கைதட்டினார்கள். பெனடிக்டா சாக்கை இறக்கி வைத்தாள்.

"நான் தோண்டிட்டேன் மேடம். புதையல்னு நினைச்சேன். சுலைகா தடுத்தா, நான் கேக்கல."

கோமளவல்லி திட்டவில்லை. சாக்கைப் பிரித்துச் சில்லுகளை வெகுநேரம் பார்த்தார். "இனிமே நீ தோண்ட வர வேண்டாம். கழுவி ஒட்டுற வேலைக்கு வா" என்றார்.

ஆறு வாரம் ஆயிற்று. பதினொரு பெயர்கள் தெளிந்தன. அவற்றில் வீராயி, சின்னான், 'வீராயி பிள்ளை' மூன்றும் குழிச் சுவரில் அருகருகே இருந்தவை என்று படம் சொன்னது. அந்தக் குடும்பம் மட்டும் ஒன்றாகக் கண்ணாடிப் பேழைக்குள் போயிற்று.

மற்ற எட்டுக்கும் பதிவேட்டை எழுதும் வேலை பெனடிக்டாவுடையது. 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில் எட்டு முறையும் ஒரே வரியை எழுதினாள்:

'தெரியாது. கலைத்தவர், பெனடிக்டா.'