உதறாத கையுறை

“போர்வையை எடுங்கப்பா. அம்மா கையைப் பாக்கணும்.”

இதை மட்டும் கேட்காதே என்று, வெளியூரிலிருந்து வந்திறங்கிய மகளிடம் பஸ் நிறுத்தத்திலேயே அப்பா சொல்லியிருந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

பட்டப்பகலில் ஜன்னல் சாத்தியிருந்தது. பினாயில் வாடையும் பவுடர் வாசனையும் போட்டி போட்டுக்கொண்டு எதையோ மூடப் பார்க்க, அவற்றுக்கு அடியிலிருந்து, மழையில் ஊறிச் செத்த எலியைப் போல, இனிப்பும் அழுகலுமாய் ஒரு நாற்றம் மெல்ல எழுந்து அவள் தொண்டையில் உட்கார்ந்தது. கட்டிலில் அம்மா, கழுத்துவரை போர்வை.

“பூச்சிக்கடிடி, வத்திடும். நீ கணக்குதானே படிச்ச? டாக்டருக்கா படிச்ச?” என்றார் அப்பா.

அம்மாவுக்குத் துணிக்கிடங்கில் வெள்ளைத்துணி மடிக்கும் வேலை. கையுறைகள் ராத்திரி முழுக்க ஆணியில் தொங்கும். காலையில் உதறாமல்தான் மாட்ட வேண்டும். உதறினால் தூசி துணியில் விழுந்துவிடும். முந்தாநாள் அம்மா மாட்டிய கையுறைக்குள் ஒரு சிலந்தி இருந்து கடித்தது. அதே கிடங்கில் மேஸ்திரியான அப்பா, விஷம் ஏறக் கூடாதென்று மூட்டை கட்டும் கயிற்றால் முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலாளிக்குத் தெரியும். கிடங்கின் பெயரைக் கெடுத்ததாக வேலை போகும், கிடங்கு கொடுத்த இந்த வீடும் போகும்.

“கயித்த எப்ப அவுத்தீங்க?”

அப்பா போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவளே போர்வையை இழுத்தாள்.

கயிறு சதைக்குள் புதைந்து கிடந்தது. அதற்குக் கீழே கை தொடைப் பருமனுக்கு வீங்கி, கத்திரிக்காய் நிறத்தில் மினுமினுத்தது. நுனியில் வெள்ளைக் கையுறை. இன்னும். தையல் பிரிந்த இடங்களில் கறுப்பு.

“வலிக்குதாம்மா?”

“இல்லடி. கை இருக்கிறதே தெரியல.”

“கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“கையை வெட்டிருவாங்கடி!” அப்பா கத்தினார்.

“வெட்டட்டும். எனக்கு அம்மா வேணும்.”

கையுறையின் ஆள்காட்டி விரல் மடங்கியது.

“அசைக்காதம்மா.”

“நான் அசைக்கலடி.”

நடுவிரல்.

உள்ளே சரசரவென்று ஒரு சத்தம். உலர்ந்த சத்தம். பிறகு நின்றது. கவனிப்பதைப் போல.

அவள் குனிந்து அம்மாவை முதுகில் ஏற்றிக்கொண்டாள். அம்மாவுக்குக் கனமே இல்லை. கனமெல்லாம் அந்தக் கையில்.

“வெளிய போனா இந்த வீடு இல்ல, பாத்துக்கோ,” அப்பா வாசலை மறித்தார்.

“நீங்களே வெச்சுக்கோங்க. வழிய விடுங்க.”

விட்டார்.

தெருவில் வெயில். வெள்ளைக் கையுறை அவள் தோளைத் தாண்டி மார்பின்மேல் தொங்கியது. அம்மா மயங்கியிருந்தாள். கையுறையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, அவள் சட்டையைப் பற்றின.

அவள் குனிந்து பார்க்கவில்லை. நடந்தாள்.